வெறும் பறி

பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா நாகம்மாளிடம் இரண்டு விஷயம்தான் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும். தினமும் வியர்க்க வியர்க்க நடக்க வேண்டும்.

"உங்க அக்காவுக்கு எப்படி ஆச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அந்த மாதிரி ஆகாம இருக்கணும்னா நடங்கம்மா."

அக்காவுக்கும் இப்படித்தான் உடம்பு போட்டது, சர்க்கரை வந்தது. ஒரு சின்னப் புண்ணில் தொடங்கி, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதனால் நாகம்மாள் நடக்கத் தயாராகத்தான் இருந்தாள்.

ஆனால் அவள் ஊரான தோணிரேவில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. தண்ணீருக்கும் விறகுக்கும் போவார்கள், ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவப் போவார்கள். கல்யாணமான ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் கையை வீசிக்கொண்டு அம்மா வீட்டுப் பக்கம் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சண்டை. அம்மா வீடோ அடுத்த குப்பத்தில். நடக்கத் தோதான கரைப்பாதையும் அந்தப் பக்கம் மட்டும்தான்.

முதல் நாள் குடத்தோடு எதிரே வந்த ஜெசிந்தா வழியை மறித்தாள்.

"இன்னா நாகு, கோச்சிகினு போறியா?"

"அய்ய, இல்லக்கா. டாக்டரம்மா நடக்கச் சொல்லிச்சு. ஒடம்புல சக்கரை கீதாம்."

"சக்கரை இருந்தா மாத்திரை போடுவாங்க. யாருனா ரோட்டுல நடப்பாங்களா? எங்கிட்டயேவா? அண்ணன் அடிச்சிச்சா?"

"அது அடிக்காதுக்கா. அல்வாதான் வாங்கினு வரும்."

ஜெசிந்தா நம்பவில்லை. குடத்தை வழியிலேயே வைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டுப் போனாள். அனுசரித்துப் போகும்படி புத்தியும் சொன்னாள்.

மறுநாள் நாகம்மாள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டாள். அதற்குள் சேதி இறால் கொட்டகைக்குப் போயிருந்தது. அங்கிருந்து அவள் புருஷன் கோதண்டம் மொபெட்டில் பறந்து வந்தான்.

"இன்னாமே, நான் இன்னா தப்பு பண்ணேன்? அம்மா ஊட்டுக்கு ஏன் போற?"

"யோவ், நடக்குறேன்யா. உங்கிட்டதான் சொன்னேனே."

"ஊட்டுக்குள்ளயே நட. நம்ம ஊடு இன்னா சின்ன ஊடா?"

அவளைப் பின்னால் உட்கார வைத்தான். டயர் அமுங்கியது. பழவேற்காடு பாய் கடையில் வாங்கிய அல்வாப் பொட்டலத்தை வழியிலேயே அவள் மடியில் வைத்தான். அவனுக்குச் சமாதானம் பேசத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கோதண்டம் நல்லவன். கல்யாணமான புதிதில் அவளும் ஏரியில் இறங்கியவள்தான். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு இறால் தடவுவாள். ஊருக்குள் ஐஸ் லாரி வரத் தொடங்கி, கோதண்டம் இறால் ஏஜெண்டு ஆன அன்றே அந்தப் பறியைப் பரணில் போட்டுவிட்டான். "இனிமே உன் கையில சேறு படக்கூடாது" என்றான். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றி வந்தான். அவளுக்கு உடம்பு பெருக்கப் பெருக்க, தன் வாக்கு பலித்ததாகவே அவன் நினைத்தான். அவனும் கூடவே பெருத்தான்.

மூன்றாம் நாள் நாகம்மாள் பரணிலிருந்து அந்தப் பறியை இறக்கி, தூசி தட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பறி வைத்திருப்பவள் வேலையாகப் போகிறாள். ஜெசிந்தாகூட, "தண்ணி இறங்கிக் கீது, சீக்கிரம் போ" என்று வழி விட்டாள். நாகம்மாள் அம்மா வீட்டுப் பனைமரம் தெரியும் வரை போய்த் திரும்பினாள். இரண்டு மாதத்தில் புடவைக் கொசுவத்தில் கூடுதலாக ஒரு மடிப்பு வந்தது. பரணுக்கு ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. கோதண்டம் இருட்டிய பிறகு வருபவன் என்பதால் அவனுக்குத் தெரியவில்லை.

அவனிடம் அதைச் சொன்னவர் சம்பந்தம் என்கிற வலைக்காரர்தான். கொட்டகையில் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

"இன்னா ஏஜெண்டு, தொழில் படுத்துக்கிச்சா? உன் ஊட்டுக்காரி திரும்ப இறால் தடவப் போவுது. பறியில ஒண்ணும் காணோம், பாவம். பழக்கம் உட்டுப்போச்சு போல."

கொட்டகையே சிரித்தது. கோதண்டம் தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். நாகம்மாள் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். பறி இடுப்பில் இருந்தது.

"என் மானத்த வாங்கிட்டியேமே! நான் இன்னா உனக்குச் சோறு போடலியா?"

"நீ போட்டதாலதான்யா நடக்குறேன்."

அவன் அடுத்து ஏதோ கத்த வாயெடுத்தான். பார்வை தரைக்குப் போனது. புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை சிவப்புத் தடம். ஒரு காலின் தடம் மட்டும்.

"கால்ல இன்னாது?"

நாகம்மாள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உள்ளங்காலில் கிளிஞ்சல் ஓடு ஏறி முறிந்திருந்தது.

"வலிக்கலியா?"

"தெரியவே இல்லய்யா" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் மாறியது. "அக்காவும் இதேதான் சொல்லிச்சு."

கோதண்டம் அவளை உட்கார வைத்தான். ஓட்டைப் பிடுங்கி, வெந்நீர் வைத்துக் காலைக் கழுவித் துணி கட்டினான். அடுப்படிக்குப் போய் அல்வாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். நாய் பொட்டலத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

விடிந்ததும் பொன்னேரிக்குக் கூட்டிப்போனான். புண் ஆறும்வரை நடக்கக் கூடாது, ஆறிய பிறகு செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. தினம் இரவு கோதண்டமே விளக்கைக் கிட்டே வைத்துக் காலைப் பார்த்துக் கட்டு மாற்றினான். புண் காய்ந்து தோல் மூடிய பிறகுதான் இருவருக்கும் நிம்மதி வந்தது.

அன்று சாயங்காலம் அவன் கொட்டகையிலிருந்து சீக்கிரமே வந்தான். மொபெட்டை உள்ளே ஏற்றி நிறுத்தினான். புதுச் செருப்பை அவள் முன்னால் வைத்தான்.

"பறி எங்க?"

"எதுக்கு?"

"குடு, நான் எடுத்துனு வரேன்."

பறியை அவன் தோளில் மாட்டிக்கொண்டான். ஏஜெண்டு பறியோடு நடப்பதைப் பார்க்க வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்தே நின்றார்கள். ஜெசிந்தாதான் கேட்டாள்.

"இன்னாண்ணே, ரெண்டு பேரும் சேந்து கோச்சிகினு எங்க போறீங்க?"

"சும்மாதான் தங்கச்சி. நடக்குறோம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

பாதி வழியில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணியின்மேல் கோதண்டம் பொத்தென்று உட்கார்ந்தான். மூச்சு இரைத்தது, சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"இவ்ளோ தூரமா தெனம் நடந்த?"

"பனைமரம் வரைக்கும். எழுந்திருய்யா."

"இருமே, கொஞ்சம்."

நாகம்மாள் அவன் தோளிலிருந்து பறியைக் கழற்றித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை அவனிடம் நீட்டினாள். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"அடுத்த மாசம் பொன்னேரிக்குப் போவும்போது நீயும் சக்கரை பாக்க ரத்தம் குடு" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்து எழுந்தான்.