மேசை ஊருக்கு உப்பு ஏற்றிய வேகன்

நாகரத்தினம் சாப்பாட்டு மேசை மேல் இருக்கும் ஊருக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. அவள் புருஷன் தணிகாசலம் மேசை முழுக்கப் பொம்மை ரயில்பாதை போட்டுவிட்டான். அப்புறம் நாற்காலிகள் மேல் மலை வந்தது. சோபா மேல் சுரங்கப்பாதை வந்தது. பாவம், அவள் எங்கேதான் உட்காருவாள்? மேசை ஊரில் ஒரு மஞ்சள் வீடு காலியாக இருந்தது. கட்டைப்பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரக்கோணத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் கணவர் போன வருஷமே மீன் தொட்டிக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே வந்து சாப்பிடுவார்.

காலையில் நாகரத்தினம் மஞ்சள் வீட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருவாள். தணிகாசலம் மேசையில் காதை வைத்துக்கொண்டு கேட்பான்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை இங்க காஸ் கனெக்‌ஷன் கொடுக்கறாங்களாம்."

வாடகை வீடு என்றால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். காஸ் வந்துவிட்டால் அதுதான் சொந்த ஊர். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"வந்துடு ரத்தினம்."

"எதுல வர்றது? நீங்கதான் பாசஞ்சர் வண்டியே விடலையே."

அதுவும் நிஜம். நம்ம ஆளுக்குச் சரக்கு ரயில் மேல்தான் உயிர்.

"கையை நீட்டறேன், ஏறிக்க."

"நான் இன்னா கோழிக்குஞ்சா, தூக்கிக்கினு போறதுக்கு? நாலு பேர் பார்க்கிற ஊருங்க இது. ஒழுங்கா ஒரு கூட்ஸ் வண்டி அனுப்புங்க. சரக்கை இறக்கினதும் காலி வேகன்ல ஏறி வந்துடறேன்."

பிலோமினா தன் வீட்டு ஹாலில் பொம்மை வேகன் கடை வைத்திருந்தாள். அடுத்த கதவுதான். ஆனால் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே நடைவழி நீண்டு கிடந்தது. நடுவழியில் ஒரு டீக்கடை இருந்தது. டீ குடித்துவிட்டு மேலே நடந்தான்.

"பாசஞ்சர் பெட்டி இருக்குதாம்மா?"

"மனுஷங்க போற பெட்டி விக்கறதில்லைண்ணே. சரக்கு மட்டும்தான்."

தணிகாசலம் கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் பொறுக்கினான். பளபளவென்று நீல டேங்கர் ஒன்று. மரக்கட்டை ஏற்றிய நீள வேகன் ஒன்று. கூரையில் பனி உறைந்த வேகன் ஒன்று. அதன் மேல்தான் அவனுக்குக் கொள்ளை ஆசை.

வண்டி மேசை ஊர் ஸ்டேஷனில் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் குலசேகரன் நகத்தளவு ஆள். அவருக்கு மீசை வரைந்ததே தணிகாசலம்தான். அந்த நன்றி அவரிடம் துளியும் கிடையாது.

"எங்க ஊர்ல பனி பெய்யறதில்லை," என்றார்.

"தெரியும் சார்."

"டேங்கர்ல என்ன?"

"பெட்ரோல்."

"எங்க ஊர்ல யார்கிட்டயும் வண்டி இல்லை. நீங்க யாருக்கும் கொடுக்கலை."

"அழகா இருக்குதேன்னு வாங்கினேன் சார்."

"அழகுக்காக எந்த வேகனும் எந்த ஊருக்கும் வராது. அதோட, இதெல்லாம் ஒரு நாள்கூட ஓடின வண்டியாத் தெரியலை."

சிவப்பு விளக்கைப் போட்டார். வண்டி பின்னாலேயே திரும்பி வந்தது. பனி மட்டும் வெட்கத்தில் உருகிப்போயிருந்தது.

பிலோமினா வேகன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முறைத்துப் பார்த்தாள்.

"அந்த ஊர்ல என்னண்ணே சாப்பிடறாங்க? எது தீர்ந்துபோச்சு? அது தெரியாம யாராவது வேகன் எடுப்பாங்களா? எங்க வீட்டுக்காரருக்கு எப்ப தண்ணி மாத்தணும்னு நான் தூக்கத்துலயும் சொல்லுவேன்."

தணிகாசலம் திருதிருவென்று விழித்தான். அந்த ஊரின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு அத்துப்படி. அங்கே உலையில் என்ன கொதிக்கிறது என்று தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து 'என்ன சமையல்' என்று அவளைக் கேட்டிருக்கிறான். 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது நடைவழி ஒரே எட்டுதான் இருந்தது.

"ரத்தினம், உனக்கு இன்னா வேணும்?"

அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள்.

"உப்பு," என்றாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இங்க ஊரே உப்பில்லாம துன்னுக்கினு இருக்குது. ரசம் வெச்சா வெந்நீர் மாதிரி இருக்குதுங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"முன்னாடியே கேக்கக்கூடாதா?"



இந்த முறை பிலோமினா கடையில் பார்த்துப் பார்த்து எடுத்தான். கதவு வைத்த பழைய மூடு வேகன்கள் மூன்று. செங்கல் பொடியைக் குழைத்துத் துரு பூசினான். சக்கரத்தில் காப்பித்தூள் தடவினான். தன் பழைய பனியனைக் கிழித்துச் சின்னச் சின்ன மூட்டை தைத்து, சமையலறை உப்பை நிரப்பி அடுக்கினான். வளைவில் மூட்டை உருளக் கூடாது. அதனால் ஒவ்வொன்றையும் பசை போட்டு ஒட்டினான். பொம்மை ரயில் விடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

குலசேகரன் துருவை முகர்ந்து பார்த்தார்.

"இது வண்டி," என்றார். பச்சைக் கொடி எழுந்தது. ஊரே கரண்டியும் கிண்ணமுமாக ஸ்டேஷனுக்கு ஓடியது. தணிகாசலம் நிம்மதியாகப் படுத்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. நாகரத்தினம் காயப்போடத் துணி எதுவும் எடுக்காமல் மாடிக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, மூட்டை வரலைங்க. கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தாங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கறது இதுதான் போல. சரக்கு இறங்கினாதானே வண்டி காலியாகும்? காலியானாதானே நான் ஏற முடியும்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆடாம இருக்கட்டும்னு ஒட்டிட்டேன் ரத்தினம்."

"எல்லாத்தையும் ஒட்டிடறீங்க. மரத்தை ஒட்டிட்டீங்க. மாட்டை ஒட்டிட்டீங்க. ஸ்டேஷன் மாஸ்டர் காலையும் ஒட்டிட்டீங்க. அந்த மனுஷன் வேலைக்கு வந்ததிலேர்ந்து வீட்டுக்கே போகலையாம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னை மட்டும்தான் ஒட்டாம, வெச்ச இடத்துல அப்படியே விட்டுட்டீங்க. அதான் கிளம்பி வந்துட்டேன்."

வெந்நீர் வைத்தான். பஞ்சை நனைத்து மூட்டை மூட்டையாகப் பசையைக் கரைத்தான். மாட்டை விடுவித்தான். அது உடனே புல் பக்கம் போனது. கடைசியாகக் குலசேகரனின் காலைக் கரைத்தான். அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் மேசையிலிருந்து ரச வாசனை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சோபா சுரங்கத்திலிருந்து வண்டி வெளியே வந்தது. முதல் வேகனின் கதவில் நாகரத்தினம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி அவன் முன்னால் நின்றது. அவள் இறங்கவில்லை.

"வா ரத்தினம்."

"எங்க உட்கார்றது?"

அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மலை. சுரங்கம். பாலம். எல்லாவற்றையும் நன்றாக ஒட்டியிருந்தான்.

"அடுப்புல ரசம் இருக்குது," என்றாள். "காஸ்காரர் வருவாரு. வீட்டுல எத்தனை பேருன்னு நேத்தே கேட்டாரு. ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தணிகாசலம் மின்விசிறியை நிறுத்தினான். பிலோமினாவைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்தான். வண்டியை ஓட்டும் திருகுக்குமிழையும் அவளிடமே காட்டினான்.

"ஞாயித்துக்கிழமை மேல வந்து சாப்பிடுங்கண்ணே," என்றாள் பிலோமினா. "எங்க வீட்டுக்காரரும் வருவாரு. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

அவன் வேகனில் காலை வைத்தான். கால் சரியாகப் பொருந்தியது. உட்கார்ந்தான். பிலோமினா குமிழைத் திருப்பினாள். சுரங்கத்தில் இருட்டாக இருந்தது. நாகரத்தினத்தின் தோள் அவன் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. வளைவில் அவன் லேசாக உருண்டான். அவள் சிரித்தாள்.

மேசை ஊர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. குலசேகரன் வீட்டில் குளித்துவிட்டு வந்திருந்தார். தணிகாசலத்தை மேலும் கீழும் பார்த்தார். பனியனில் மஞ்சள் கறை. நகத்தில் செங்கல் பொடி. திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரக்கு என்னம்மா?"

"எங்க வீட்டுக்காரரு."

"ஒட்டியிருக்கா?"

"இல்லை சார்," என்றான் தணிகாசலம். "சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப இறக்கிக்கங்க."

நாகரத்தினம் முதலில் குதித்தாள். திரும்பிக் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.