சம்பந்தியம்மா கேட்ட பல்

பல்செட்காரருக்கு ஸ்பானிஷ் பேசும் சம்பந்தி வாய்த்தது மகன் செய்த வேலை. கூடப் படித்த வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மருமகளின் அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார் என்றதும், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கான ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, பட்டறையில் பல் ராவிக்கொண்டே சத்தமாகப் படித்தார்.

"லிஸ்ட்ட லிஸ்தாங்கறாங்க. பேங்க்க பாங்கோங்கறாங்க. ஒண்ணுமில்ல, இங்கிலீஷ் வார்த்தைக்கு வால்ல ஒரு ஆ, ஓ ஒட்டுனா ஸ்பானிஷ்" என்றார் மனைவியிடம். இந்த விதியைக் கண்டுபிடித்த கையோடு புத்தகத்தை மூடியும் விட்டார்.

சம்பந்தியம்மா வந்து இறங்கினார். அவரும் சும்மா வரவில்லை. மகளிடம் கொஞ்சம் தமிழ் கற்று வந்திருந்தார். மகனும் மருமகளும் கடைக்குப் போயிருந்த நேரம், பல்செட்காரரின் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கடுங்காப்பி. ஒரு வாய் குடித்த சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்து, சொற்களைத் தேடிப் பிடித்துச் சொன்னார்:

"கொஞ்சம் பல் வேணும்."

பல்செட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்ததும் வராததுமாகத் தொழிலை மதித்துக் கேட்கிறாரே. பட்டறைக்கு ஓடி இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து, அச்சுத்தட்டில் அப்பி, "ஆ காட்டுங்க" என்றார்.

இந்த வீட்டில் விருந்தாளியை இப்படித்தான் வரவேற்பார்கள் போல என்று எண்ணி அவரும் வாயைத் திறந்தார்.

மனைவி வந்து பார்த்தபோது சம்பந்தியம்மா வாயில் தட்டோடு, கைகளை மடியில் வைத்து, மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அவங்கதான் பல்லு கேட்டாங்க."

"காப்பிக்குப் பால் கேட்டிருப்பாங்கங்க. மொதல்ல அத எடுங்க."

"இறுகாம எடுத்தா அச்சு கெட்டுரும்" என்றார் பல்செட்காரர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

தட்டை எடுத்ததும் சம்பந்தியம்மாவின் முகவாயெல்லாம் பசை. கழுவ சோப்பு வேண்டுமா என்று தன் விதிப்படி கேட்டார்: "சோப்பா?"

சம்பந்தியம்மா முகம் மலர்ந்து, "சீ, சீ" என்றார்.

திட்டுகிறாரோ என்று அவருக்குத் திக்கென்றது. 'சீ' என்றால் ஆமாம் என்று படித்தது நல்லவேளையாக நினைவு வந்தது. புது சோப்பு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். சம்பந்தியம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கரண்டியால் அள்ளுவதுபோல் சைகை காட்டினார்.

"சோப்புக்கு எதுக்கு ஸ்பூனு?" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் கொண்டுவந்தார்.

கடையிலிருந்து திரும்பிய மருமகள், கையில் ஸ்பூனுடன் சோப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தன் அம்மாவைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "மாமா, சோப்பான்னா சூப்பு" என்றாள். மாமா கேட்டது சோப்பு என்று அம்மாவுக்கும் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பூன் பறந்து சோபாவுக்கு அடியில் போனது. பல்செட்காரரும் வெட்கத்தை விட்டுச் சிரித்தார்.

அச்சு மட்டும் அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது. தூக்கிப்போட மனம் வராமல் பாரிஸ் சாந்து கரைத்து ஊற்றி, வெள்ளை வெளேரென்று ஒரு பல்வரிசை வார்த்து, ஊருக்குக் கிளம்பும் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார்.

விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி அதை வெளியே எடுத்து, "இது யாருது?" என்று கேட்டார். சம்பந்தியம்மா அதை வாங்கிக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கடைவாய்வரை தெரிய ஈ என்று காட்டினார். அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடி அனுப்பிவைத்தார்.