ஓர் ஆள் பாரம்

ஓர் ஆளை இறக்கினால்தான் விமானம் கிளம்பும் என்று விமானி வந்து சொன்னதும், கவுண்டர்க்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டால் இந்தக் குட்டி விமானம் முழுப் பாரத்தோடு எழும்பாது. ஓடுபாதை அவ்வளவு குட்டை. போர்க்காலத்தில் அவசரத்துக்குப் போட்டது, பிறகு பல வருஷம் அதில் ஆடு மேய்ந்தது. வந்த மந்திரிகள் ஆளுக்கொரு தடவை நாடா வெட்டித் திறந்துவைத்தார்களே தவிர, ஒரு முழம்கூட நீட்டவில்லை. ஒரு நாளைக்கு ஒரே விமானம். அதற்குச் சீட்டுக் கிழிப்பதும் அவள்தான், மைக்கில் கத்துவதும் அவள்தான், பெட்டி தள்ளுகிறவர் வராத நாளில் பெட்டி தள்ளுவதும் அவள்தான்.

இப்படி ஆகும்போது கடைசியாக வந்தவரை இறக்குவது இங்கே வழக்கம். இன்றைக்குக் கடைசியாக வந்தவன் அவளுடைய தம்பி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டவன் காலிலெல்லாம் விழுந்து வாங்கித் தந்த கப்பல் வேலை. நாளைக் காலையில் கப்பல் கிளம்பிவிடும், இந்த விமானத்தை விட்டால் வேலை போயிற்று. மகராசனுக்கு இன்றைக்குமா சோம்பல்?

வழக்கமாவது ஒன்றாவது என்று, அவனுக்கு முந்தி வந்திருந்த பெரியவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, என் தம்பி நாளைக்கு வேலையில சேரணும். நீங்க நாளைக்குப் போக முடியுமா?"

"மக வீட்டுக்குத்தாம்மா போறேன். நாளைக்குப் போனா என்ன, போகட்டும் அந்தப் பிள்ளை."

பெட்டி தள்ளும் வண்டியிலிருந்து தன் பெட்டியை அவரே இறக்கிக்கொண்டார். தம்பியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். ஆனால் தொங்கிப்போயிற்று. அவள் அவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"என்னடா?"

"நான் லேட்டா வரலக்கா. விடியும்போதே வந்துட்டேன். வெளியில கார் நிக்கிற இடத்துலதான் உக்காந்திருந்தேன், நீ எப்ப கவுண்டர மூடுவேன்னு பாத்துக்கிட்டு. நீதான் போன் மேல போன் போட்டே, அதான் உள்ள வந்தேன்."

அவளுக்கு அவனை அறையலாம் போலவும், அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது.

"போக இஷ்டமில்லைன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

வெளியே விமானத்தின் விசிறி சுழல ஆரம்பித்தது. விமானி கையை ஆட்டிக் கூப்பிட்டார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார். அவள் குனிந்து தம்பியின் பெட்டியைப் பிடித்தாள். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை.