ஏரிப் பாசிக்குக் காரணம்

ஏரியில் பாசி படர்வதற்கான காரணம்தான் என் முதல் ஆய்வுக் கட்டுரை. ஆங்கிலத் தலைப்பில் 'காரணம்' என்ற சொல்லுக்கு முன் 'தி' போட்டால் காரணம் இது மட்டுமே. 'ஏ' போட்டால் இதுவும் ஒன்று. எங்கள் ஃபின்னிஷ் மொழியில் இரண்டும் கிடையாது.

"'ஏ' போதும். துர்க்கு பல்கலைக்கழகத்து யோர்மா போன வருஷம் 'தி' போட்டு வேற காரணம் எழுதினான். பத்திரிகைக்காரங்க இதை மதிப்பிட அவனுக்குத்தான் அனுப்புவாங்க," என்றார் பேராசிரியர் ராய்லி.

'ஏ' போட்டு அடக்கமாக அனுப்பினோம். பெயரில்லாத மதிப்பீடு வந்தது: "அப்படியானால் யோர்மா கண்டதும் வெறும் 'ஒரு' காரணமா? நிராகரிக்கிறேன்."

ராய்லி காபியை வைத்தார். "பேரு போடலையாம், பாவம். நீ 'தி' போட்டு வேற பத்திரிகைக்கு அனுப்பு. திட்டு வாங்குறதுன்னா பெரிசாவே வாங்குவோம்."

'தி' போட்டு அனுப்பினேன். கட்டுரை வெளியானது. அதை முதலில் மேற்கோள் காட்டியவர் யோர்மா, தவறு என்று சொல்வதற்காக.

"மேற்கோள் மேற்கோள்தான்," என்றார் ராய்லி.