பட்டியலில் முதல் பேர்

அரசாங்கம் தானாக வந்து கொடுக்கிறது என்றால் எத்திராஜ் லேசில் நம்பமாட்டான். ராயபுரத்தில் அரசாங்க மீன்துறைப் படகில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வேலை. அத்தனை வருஷத்தில் கேட்டே கொடுக்காதவர்கள் இப்போது, ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில், சம்பள உயர்வுக்கு மசோதா கொண்டுவருகிறார்களாம். மார்ச்சுக்குள் இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடித்த கடைநிலைச் சிப்பந்திகளுக்கு மாசம் பதினைந்து ரூபாய் கூடுமாம்.

அது வந்தால் அவன் பெண்டாட்டி மங்கை கூடை தூக்க வேண்டாம். காத்திவாக்கத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை தலையில் மீன் சுமக்கிறவள். முழங்கால் வீங்கிப்போய், உட்கார்ந்தால் எழ முடியாமல் அழுவாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆனால் கூட வேலை செய்கிற பஷீர் வேறு கதை கொண்டுவந்தான். "துட்டு எங்கேர்ந்து வரும் மாமு? நாப்பத்தஞ்சு தாண்டினவனை வூட்டுக்கு அனுப்பிட்டு, அந்தச் சம்பளத்தைத்தான் மத்தவனுக்குப் பிரிச்சிக் குடுக்கப் போறானுங்கோ. லிஸ்டு எடுக்கறதே அதுக்குத்தான்."

அன்று எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் அவன் வயது நாற்பத்தாறு. உண்மையில் நாற்பதுதான். அவன் பிறந்த மீனவக் குப்பத்தில் யார் ஜாதகம் எழுதினார்கள்? புயல் வருஷம், காலரா வருஷம் என்றுதான் கணக்கு. வேலைக்குச் சேர பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். பதினைந்து வயதிலேயே ஆள் வாட்டசாட்டம். காலராவில் போன அண்ணனின் வயதை, இருபத்தொன்று என்று, அவன் அம்மா கூசாமல் சொல்லிவிட்டாள்.

ஹெட்கிளார்க் சுகிர்தம் பட்டியலோடு வந்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர் என்று பேர்.

"எத்திராஜு, ஒம்ம பேருதான் மொதப் பேரு. கைநாட்டு வையும்."

முதல் பேர் என்றதும் எத்திராஜுக்குப் பகீரென்றது. "சார், என் வயசு தப்பா கீது. எனுக்கு நாப்பதுதான்."

சுகிர்தம் பேனாவை மூடினார். "அதை எதுக்கு இப்பக் கிளறுதீரு? வயசு கொறைஞ்சா எல்லாம் கொறையும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீரும்."

இந்த ஆள் ஏன் தடுக்கிறார்? தன் மச்சானுக்கு நம் இடத்தைப் பேசி வைத்திருக்கிறாரோ? அவர் சொல்லச் சொல்ல எத்திராஜின் சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

மறுநாளே குப்பத்துத் தலைவரான நாட்டாரும் நாலு பெரியவர்களும் கைநாட்டு வைத்த மனு தயார். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய் டாங்கியைக் கொளுத்திய ராத்திரி, மருத்துவச்சி உட்பட ஊரே ஓடிவிட, அம்மா தனியாகக் கிடந்து இவனைப் பெற்ற கதை அதில் இருந்தது. எம்டன் வந்த தேதி குப்பத்தைவிடக் கோட்டைக்கு நன்றாகத் தெரியும்.

"இனிமே எவனாலயும் என்னை அசைக்க முடியாது," என்று மங்கையிடம் சொன்னான். "நீ கூடை தூக்க வேணாம்."

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. சுகிர்தம் நிதானமாகப் படித்துச் சொன்னார். மனுதாரர் கூற்று முழுவதும் உண்மை. பிறந்தது 1914 செப்டம்பர் 22. பதினெட்டு வயதுக்கு முன் பார்த்த வேலை சர்வீஸில் சேராது. மூன்று வருஷம் கழிகிறபடியால் பட்டியலிலிருந்து பேர் நீக்கப்படுகிறது.

"அப்போ நாப்பத்தஞ்சு தாண்டினவங்கோ?"

"ஒருத்தரையும் அனுப்பலை. மசோதாவுல அப்படி ஒரு வரியே கெடையாது."

"நான் சொன்னது பொய்னு எழுதிக் குடுத்துடறேன் சார்."

"நம்பிட்டாங்களே எத்திராஜு. இனி பொய்யின்னு சொன்னா வேலையே போயிரும்."

வெட்கத்தில் அவனால் சுகிர்தத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தடுத்தது அந்த ஒரு மனுஷர்தான், அவரையே சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

வீட்டில் மங்கை காலை நீட்டி விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டு, திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"கூடையையும் வண்ணாரப்பேட்டையில நான் குந்துற எடத்தையும் பக்கத்து வூட்டு அங்கம்மாவுக்கு நேத்தே குடுத்துட்டேனேய்யா," என்றாள். "நீ சொன்னதை நம்பி."