ஒரே முகமூடி

"வாயை மூடுங்கப்பா! மூச்சு விடாதீங்க!"

மூச்சு விடாமல் எப்படி? அப்பா படகுக்கடியிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். தலை, புருவம், காதுமடல் எல்லாம் செந்தூசி. மகள் ரப்பர் குழாயை இழுத்து வந்து அவர்மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் தரையில் போனது.

படகின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க அந்தக் காலத்தில் பூசிய பெயிண்ட் அது. வெள்ளீயம் கலந்த விஷம், இப்போது தடை. பழசைச் சுரண்டுவதென்றால் நனைத்து நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். அப்பாவின் முட்டிக்கு ஓய்வு கொடுக்கலாமென்று, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இவள் காய்ந்த பலகையிலேயே தேய்க்கிற மெஷினை வைத்துவிட்டாள். இருந்த ஒரே முகமூடியும் இவள் முகத்தில். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், மெஷினை நிறுத்தத் தூசிக்குள் அப்படியே புகுந்துவிட்டார்.

"போதும்டி வாலு. சோப்பு மட்டுந்தான் பாக்கி."

மறுநாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை சரியா இருக்கு."

"எண்ணிக்கை இருக்கட்டும் டாக்டர்," என்றாள் மகள். "அதுங்க வேலை செய்யுதா? இந்த விஷம் பட்டா அணு உசுரோட இருந்தும் கிருமியோட சண்டை போடாதாமே. படிச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆராய்ச்சியில சில அணுக்களைச் சோதனைக் குழாய்ல வெச்சுப் பார்த்தப்ப அப்படித்தான் ஆச்சு. ஒரு தடவை மூச்சுல போனதுக்கு எவ்வளவு பாதிப்பு ஆகும்னு சொல்ல இங்க டெஸ்ட் இல்லம்மா."

"என் அணுவும் என்னை மாதிரிதான் டாக்டர்," என்றார் அப்பா. "வேலைக்கு டாண்ணு வந்துடும். வேலை செய்யுதான்னு முதலாளியைத்தான் கேக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். இவள் சிரிக்கவில்லை.

வழியில் அப்பா கடைக்குள் போய் இன்னொரு முகமூடி வாங்கி வந்தார். "புதுசு உனக்கு. என் மூக்கு பழசுக்குப் பழகிடுச்சு." திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டைவிரல் கட்டுத்துணியைப் பிரித்தாள். போன வாரம் சுரண்டும் தகடு கிழித்த காயம். ஓரமெல்லாம் சிவந்திருந்தது. மருந்து தடவிவிட்டுக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"என்னடி அப்படிப் பாக்கற?"

"அப்பா, இது அதுங்க சண்டை போடுற சிவப்பா, சும்மா நிக்கிற சிவப்பா?"