அக்காவின் கேசட்

மாதர் சங்கத்தில் எல்லாருக்கும் அவள் 'டெலிபோன்'தான். தொலைபேசி நிலையத்தில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரையோ இணைத்துவிட்டே ஓய்வு பெற்றவள். குறுக்கே பேசாமல் கேட்பது அந்த வேலை கொடுத்த பழக்கம். அதனால்தான் சங்கத்துப் பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பொறுப்பு அவளிடம் வந்தது. அதெல்லாம் டேப் ரெக்கார்டர் காலம்.

வந்து உட்காரும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "எங்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு?" கொஞ்ச நேரம் போனால் கேசட் தீர்ந்துவிடும், பேச்சு தீராது. கடைசியாக அவளுடைய அக்காவும் பேசினாள். டீச்சர் வேலைக்குப் போகக் கூடாதென்று அத்தான் செருப்புகளை அறுத்துப் போட்டதையும், வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போனவளை வாசலிலிருந்தே முடியைப் பிடித்து இழுத்து வந்ததையும், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். கூடப் பிறந்தவளுக்கே அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

சங்கத்தின் பின்னறை பீரோவில் அந்தக் கேசட்டுகளை டெலிபோன் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். பூஞ்சை பிடித்தால் பஞ்சால் துடைப்பாள். நாடா ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றி வைப்பாள். வருஷங்கள் கழித்து ஒரு நூலகம் முன்வந்தது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் வைக்கிறோம் என்றார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செய்தி வெளியே போனதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர், கேசட்டில் பேசிவிட்டுப் பின்னால் இறந்துபோன நர்ஸம்மாவின் மகன்.

"எங்கப்பா குடிச்சத ஊரு உலகமெல்லாம் கேக்கணுமா? அத எடுத்துடுங்க."

"பேசினவங்க வந்து சொன்னா எடுத்துடறேன்."

"அம்மா போய்ச் சேந்துட்டாங்களே!"

"அப்ப அவங்க சொன்னது சொன்னதுதான்."

தையல் டீச்சரின் கொழுந்தன் வந்தார், இன்னொருத்தியின் மருமகள் வந்தாள். எல்லாருக்கும் அதே பதில். சங்கத் தலைவியும், "நீங்க சொல்றது நியாயந்தான்" என்று டெலிபோன் பக்கமே நின்றாள்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் அக்கா வந்தாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"என்னோடத எடுத்துடு."

டெலிபோன் திகைத்துப் போனாள். "ஏன்க்கா? பிள்ளைங்க ஏதாவது சொன்னாங்களா?"

"அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வாய் கோணிப் படுத்திருக்காரு. நான் ஊட்டினாத்தான் சாப்பாடு. பசங்க வந்து கால அமுக்கி விடறாங்க. நாளைக்கு இதக் கேட்டுட்டு எவனாவது அவரத் திரும்பிப் பாப்பானா? மொத்தத்தையும் நானே சுமக்கணும்."

"நடந்தது நடந்ததுதானேக்கா?"

"நடந்தது எனக்கு. எடுக்கச் சொல்றதும் நான்தான்."

டெலிபோன் பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தாள். அக்கா அங்கேயே நின்று, சுண்டுவிரலை விட்டு நாடாவை வெளியே இழுத்தாள். அது சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. அறுந்த பிறகும் இழுத்தாள். பிறகு எல்லாவற்றையும் பந்தாகச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அவருக்கு மருந்து நேரமாச்சு" என்று கிளம்பினாள். கணினியில் ஏற்றியிருந்ததை நூலகத்தில் சொல்லி டெலிபோனே அழிக்க வைத்தாள்.

விஷயம் ஒரு வாரத்துக்குள் எப்படியோ பரவிவிட்டது. சங்கக் கூட்டத்துக்கு நர்ஸம்மாவின் மகன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"உங்க அக்கான்னா எடுப்பீங்க, எங்க அம்மான்னா எடுக்க மாட்டீங்களா? எந்த ஊரு நியாயம்மா இது?"

"அக்கா உயிரோட இருக்கா. அவளே வந்து கேட்டா..."

"எங்கம்மா இருந்திருந்தாலும் கேட்டிருப்பாங்க!"

இல்லை, கேட்டிருக்க மாட்டாள் என்று டெலிபோனுக்குத் தெரியும். பேசி முடித்ததும் நர்ஸம்மா, "இத நாலு பேரு கேக்கணும்டி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனாள். அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அறை முழுக்க இரைச்சல். தலைவி டெலிபோனின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"யார் மனசும் நோகக் கூடாது. வாழ்க்கைக் கதை எதுவும் வேணாம். பாட்டு, கோலப்போட்டி, ஆண்டு விழா போட்டோ, இதெல்லாம் போதும். கேசட்டெல்லாம் அந்தந்த வீட்டுலயே குடுத்துடலாம்."

கைகள் உயர்ந்தன. பேசியவர்களில் இன்னும் உயிரோடிருந்த சிலரும் கையைத் தூக்கினார்கள். டெலிபோன் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேசட்டுகள் வீடு வீடாகப் போயின. எந்த வீட்டிலும் அவற்றைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. இருந்தாலும் கேட்டிருக்கப் போவதில்லை.

இணையத் தொகுப்பின் திறப்பு விழா நன்றாகத்தான் நடந்தது. பெரிய திரையில் சிரித்த முகங்களாக வந்துகொண்டே இருந்தன. மூத்த உறுப்பினர் என்று அக்காவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். "எங்க காலத்துல பொம்பளைங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்னு இப்ப உள்ளவங்க பாக்கணும்" என்றாள் அக்கா. கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது.

முடிந்ததும் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

"எல்லாருதையும் எடுத்துட்டீங்களாமே?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமா."

"என்னாலயா?"

டெலிபோன் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். மனம் வரவில்லை. "ஆமாக்கா. உன்னாலதான்."

அக்கா சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தாள். "அப்ப நல்லதுதான் பண்ணியிருக்கேன். எத்தன குடும்பம் நிம்மதியா இருக்கும்!"

அக்காவின் பஸ் முதலில் வந்தது. கஞ்சி ஊட்ட நேரமாகிவிட்டதென்று முண்டியடித்து ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். டெலிபோன் கையைத் தூக்கவில்லை.